ஏப்ரலில் 30 நாள், 30 கவிதை: இறங்கலாமா, வேண்டாமா? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மார்ச் கடைசி வாரம் வந்தால் எனக்கு இரண்டு தொல்லை. ஒன்று, அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு. இன்னொன்று, "தினம் ஒரு கவிதை எழுதறாங்களாமே, நானும் சேரலாமா?" என்று கேட்டு வரும் நண்பர்கள். அந்தச் சவாலில் நான் நான்கு முறை இறங்கியிருக்கிறேன். இரண்டு முறை முடித்தேன். ஒரு முறை 11ஆம் நாளோடு நின்றுபோனேன். இன்னொரு முறை 4ஆம் நாள் தெரிந்தே விட்டுவிட்டேன். ஆளுக்கொரு பதில் சொல்லி அலுத்துவிட்டதால், வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

இந்தச் சவால் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து. அங்கே கவிஞர்களுக்கான அகாதெமி ஒன்று 1996இல் ஏப்ரலைத் தேசியக் கவிதை மாதமாக்கியது. ஒரே மாதத்துக்குள் 50,000 சொல்லில் ஒரு நாவலை எழுதி முடிக்கும் சவால் 1999இல் தொடங்கியது. அதைப் பார்த்து மொரீன் தோர்சன் என்ற கவிஞர் 2003 ஏப்ரலில் தினம் ஒரு கவிதை எழுதிப் பார்த்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 'நாபோரைமோ' (NaPoWriMo, தேசியக் கவிதை எழுதும் மாதம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயரும் நிலைத்தது. கட்டணம் கிடையாது, நடுவர் கிடையாது, பரிசும் கிடையாது. 30 நாளில் 30 கவிதை, அதுதான் சட்டம்.

30 நாள், 30 பாட்டு என்றதும் நமக்கு மார்கழியும் திருப்பாவையும்தான் நினைவுக்கு வரும். ஆண்டாள் நாளுக்கு ஒன்றாகப் பாடினார் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. நாளுக்கு ஒன்றாகப் பாடுவது நம்முடைய வழக்கம். ஆனாலும் ஒரு மாதத்தைப் பாட்டால் எண்ணுவது நமக்குப் புதிதில்லை.

தினமும் எழுதினால் தரம் போய்விடாதா?

போகும். முடித்த இரண்டில் முதல் முறை என் நோட்டில் 30 கவிதை இருந்தது. ஆறு மாதம் கழித்து எடுத்துப் படித்தபோது வெளியே காட்டும்படி நான்குதான் தேறியது. இரண்டாவது முறை ஆறு. மற்றதெல்லாம் குப்பை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவற்றை நீங்கள் படிக்காமல் பார்த்துக்கொள்வேன்.

வில்லியம் ஸ்டாஃபோர்டு என்று ஓர் அமெரிக்கக் கவிஞர். வீட்டில் யாரும் எழுவதற்கு முன்னால் எழுந்து பல பத்தாண்டுகள் தினமும் எழுதியவர். முதல் தொகுப்பு 1960இல் வந்தபோது அவருக்கு வயது 46. 1993 ஆகஸ்ட் 28இல் இறந்தார். அன்று காலையிலும் ஒரு கவிதை எழுதியிருந்தார். எழுத வராத நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், தரத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வேன் என்பாராம். கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும். 12ஆம் நாள் இரவு பதினோரு மணிக்கு அதைப்போல உதவும் வேறொரு யோசனை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் தரம் இறங்குவதால் என்ன லாபம்? இங்கேதான் நான் மற்றவர்களோடு மாறுபடுகிறேன். தினமும் எழுதினால் கை பழகும், ஒழுக்கம் வரும் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. மே 1ஆம் தேதி முதல் பழையபடி சோம்பேறிதான். எனக்குக் கிடைத்தது வேறு. முதல் வாரம் எல்லாருக்கும் நன்றாகவே போகும். கைவசம் சரக்கு இருக்கும்: நிலா, மழை, ஜன்னலோர இருக்கை, பாட்டியின் சுருக்குப்பை, காலியாக ஆடும் ஊஞ்சல். எட்டு ஒன்பது நாளில் அது தீர்ந்துவிடும். பத்தாம் நாள் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் எழுதியதையே வேறு சொல்லில் எழுதிக்கொண்டிருப்பது தெரியும். எனக்குத் தெரிந்தவர்களில் பலரும் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். 11ஆம் நாளோடு நின்ற முறை நானும் அங்கேதான் நின்றேன். சரக்கு தீர்ந்தது என்று புரியாமல், எனக்கு எழுத வராது என்று முடிவுகட்டிவிட்டேன்.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். நான் முடித்த முதல் ஏப்ரலில், 8ஆம் நாள் எழுதியது இது:

அம்மாவின் மூக்குக்கண்ணாடி
அலமாரியில் உறங்குகிறது
உலகைப் பார்த்துக் களைத்த
இரண்டு ஏரிகள்
காலத்தின் தூசு அதன்மேல்
கவிதை எழுதுகிறது

எழுதிய அன்று கண் கலங்கியது. இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. ஏரியும் காலத்தின் தூசும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவை. என் அம்மாவின் கண்ணாடிக்குப் பதில் யார் அம்மாவின் கண்ணாடியை வைத்தாலும் பொருந்தும். 19ஆம் நாள் எழுத ஒன்றுமே இல்லாமல், வேறு வழியின்றி அதே கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு வந்தது:

அம்மாவின் மூக்குக்கண்ணாடி.
காதில் மாட்டுமிடத்தில்
கறுப்பு நூல் சுற்றியிருக்கிறது.
முடிச்சு அப்பா போட்டது.

நூல் எட்டாம் நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. எட்டாம் நாள் எனக்கு அது தேவைப்படவில்லை, ஏரி இருந்தது. பெரிய கவிதை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நான்கு தேறியதில் இதுவும் ஒன்று. பத்தாம் நாளுக்குப் பிறகு வந்தவையே அந்த நான்கும்.

ஆகவே இறங்கலாமா என்று என்னைக் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சரக்கு தீர்ந்த பிறகும் பத்து நாள் வெறுங்கையோடு உட்கார உங்களால் முடியுமா?

எனக்கு நேரமே இல்லையே?

உண்மையில் ஏப்ரல் நமக்கு வசதியான மாதமே இல்லை. பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை, அது முடிந்தால் ஊர்ப்பயணம், நடுவில் 14ஆம் தேதி சித்திரைப் பிறப்பு, வீடு நிறைய விருந்தாளி, எல்லாவற்றுக்கும் மேல் வெயில். அமெரிக்காவில் வசந்தம் என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள். நாம் வியர்வை துடைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

இருந்தாலும் நேரம்தான் தடை என்று நான் நம்பவில்லை. ஒரு கவிதைக்கு 20 நிமிடம் போதும்; அதற்கு மேல் கொடுத்தால் அது வேறு வேலையாகிவிடுகிறது. நான் மின்சார ரயிலில் எழுதுவேன். தாம்பரத்தில் ஏறினால் எழும்பூர் வரை முக்கால் மணி நேரம். உட்கார இடம் கிடைத்த நாள் நோட்டு, கிடைக்காத நாள் மொபைல். பல்லாவரம் வருவதற்குள் முதல் வரி வரவில்லையென்றால் எடுத்துக்கொண்ட விஷயத்தை விட்டுவிட்டு வேறு எடுப்பேன். நுங்கம்பாக்கம் வந்தால் எப்படி இருந்தாலும் முற்றுப்புள்ளி. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் திண்டாட்டம், ஏனென்றால் அன்றைக்கு ரயிலும் இல்லை, அவசரமும் இல்லை.

யார் இறங்கக் கூடாது?

பெரிய வேலை ஒன்றின் நடுவில் இருப்பவர்கள். நான் 4ஆம் நாள் விட்டுவிட்டேன் என்றேன் இல்லையா, அந்த ஆண்டு ஒரு நீள்கவிதையைப் பாதி எழுதி வைத்திருந்தேன். தினம் ஒரு குட்டிக்கவிதை எழுதப்போய், நீள்கவிதைக்கு என்று சேர்த்து வைத்திருந்த படிமங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செலவழித்துக்கொண்டிருந்தேன். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிய கதை. நான்காம் நாள் புரிந்தது, நிறுத்திவிட்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

விட்டுப்போன நாளைக் கடன்போல நினைத்துத் தூக்கம் கெடுகிறவர்களும் யோசித்துக்கொள்ள வேண்டும். வீட்டிலும் அலுவலகத்திலும் கெடு இருக்கிறது. கவிதைக்கும் ஒரு கெடு வைத்து அதையும் வெறுக்க வேண்டுமா?

சமீபத்தில் நெருங்கிய ஒருவரை இழந்தவர்கள் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தடுமாற்றமாக இருக்கும். எழுதுங்கள் என்பேன், ஆனால் எண்ண வேண்டாம். துக்கத்துக்கு வரிசை எண் போட்டால் 17, 18 என்று அது நடிக்கத் தொடங்கிவிடும்.

அப்புறம் ஒரு வகை இருக்கிறது, கவிதை எழுத ஆசை, ஆனால் படித்தது மிகக் குறைவு. அவர்களுக்கு நான் சொல்வது: இந்த ஏப்ரலில் தினம் ஒன்று படியுங்கள். குறுந்தொகையை எடுத்துக்கொள்ளலாம். பாட்டு நான்கிலிருந்து எட்டு அடிக்குள்தான். மொத்தம் 400 சொச்சம் இருப்பதால் ஏப்ரலில் பிடித்துப்போனால் ஒரு வருஷத்துக்கு மேல் வரும். உரை உள்ள பதிப்பாக வாங்குங்கள். அடுத்த ஏப்ரல் எங்கும் போகாது.

வருஷத்துக்கு இரண்டே கவிதை எழுதி இரண்டையும் நன்றாக எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம்.

30 நாளுக்கு எதைப் பற்றி எழுதுவது?

புதிது புதிதாக 30 விஷயம் தேடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஒன்றை எடுத்துப் பத்து விதமாகப் பாருங்கள். நம்மிடம் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஐங்குறுநூற்றின் 500 பாட்டும் பத்துப் பத்தாகக் கட்டியவை. மருதத்தில் களவன் பத்து என்று ஒன்று, பத்துப் பாட்டிலும் நண்டு வரும். எருமைப் பத்து என்று இன்னொன்று. வயலில் ஓடும் நண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே குடும்பச் சண்டையைப் பேசிவிடுகிறார் ஓரம்போகியார். திருப்பாவையிலும் 6ஆம் பாசுரத்திலிருந்து 15 வரை ஒரே வேலைதான்: எழுந்திருக்காத பெண்ணை எழுப்புவது. பத்து வீடு, பத்துப் பெண், பத்து விதமான தூக்கம். ஒருத்திக்குப் பறவைச் சத்தம் கேட்கவில்லையா என்ற கேள்வி, ஒருத்தியின் தாயிடம் உன் மகள் ஊமையா செவிடா என்ற கேள்வி. கடைசிப் பெண் உள்ளே இருந்தபடியே பதிலுக்குப் பதில் பேசுகிறாள்.

நான் முடித்த இரண்டாவது ஏப்ரலில் எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டியை வைத்து ஒன்பது எழுதினேன். முதல் மூன்றில் கரி நெருப்பும் ஏழ்மையும்தான் இருந்தது. ஏழாவதில்தான் அவர் எங்கள் வீட்டுத் துணிக்கு மட்டும் மூலையில் பச்சை நூலில் ஒரு தையல் போட்டிருப்பதைக் கவனித்தேன். நான்கு வருஷமாக அந்தச் சட்டைகளைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தாதியாகவும் செய்யலாம். இன்றைய கவிதையின் கடைசிச் சொல் நாளைய கவிதையின் முதல் சொல். 30ஆவது முடியும் சொல் முதல் கவிதையின் தொடக்கச் சொல். நாளைக்கு எங்கே தொடங்குவது என்ற கவலை இன்றிரவே தீர்ந்துவிடும். ஒரு எச்சரிக்கை: 'பிரபஞ்சம்' போன்ற சொல்லில் முடித்துவிடாதீர்கள். மறுநாள் மாட்டிக்கொள்வீர்கள்.

யாரோ கொடுக்கும் தலைப்புக்கு எழுதினால் செயற்கையாக இருக்காதா?

நாளுக்கு ஒரு தலைப்போ நிபந்தனையோ கொடுப்பது இந்தச் சவாலில் வழக்கம். எடுத்துக்கொள்வதும் விடுவதும் நம் இஷ்டம். செயற்கை என்று பயப்படுகிறவர்கள் காளமேகத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடித்து முருகன்மேல் பாடச் சொன்னார்கள். 'செருப்புக்கு வீரரைச் சென்றுழக்கும் வேலன்' என்று எடுத்தார். செரு என்றால் போர். போருக்குள் புகும் வீரர் என்று செருப்பு உடைந்துவிட்டது. முடிவில் 'வண்டே விளக்குமாறே' என்று வண்டிடம் விளக்கிச் சொல்லக் கேட்டு முடித்தார். ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்வதும் கவியரங்கத் தலைப்பும் இதே வழியில் வந்தவைதான்.

எனக்கு உதவியது, கருத்தைத் தராமல் பொருளைத் தரும் தலைப்பு. 'நம்பிக்கை' என்று கொடுத்தால் மேடைப்பேச்சு வரும். 'தாழ்ப்பாள்' என்று கொடுத்தால் ஏதாவது ஒரு கதவு ஞாபகத்துக்கு வரும்.

நான் மரபில் எழுதுகிறவன். தினம் ஒரு வெண்பா சாத்தியமா?

தளை கை பழகியவர்களுக்குச் சாத்தியம். பழகாதவர்கள் நேரிசை வெண்பாவில் தொடங்கினால் நான்கு அடி, 15 சீர், எதுகை, தனிச்சொல், நாள் மலர் காசு பிறப்பு என்று முடியும் ஈற்றடி, எல்லாவற்றையும் ஒரு நாளில் சரிபார்ப்பதற்குள் கவிதை ஆவியாகிவிடும். குறள் வெண்பா எடுத்துக்கொள்ளுங்கள். ஏழே சீர். 30 நாளில் 210 சீருக்குத் தளை பார்த்துவிடுவீர்கள். அதற்குள் காது பிடித்துக்கொள்ளும். இப்படிச் செய்த நண்பர் ஒருவர் பன்னிரண்டாம் நாள் டீக்கடையில் "சர்க்கரை கம்மியாய்ப் போடு" என்று சொல்லிவிட்டு விரல் விட்டுச் சீர் எண்ணினார்.

மரபில் எழுதுகிறவர்களுக்கு உள்ள ஆபத்து, சீரை நிரப்ப வரும் 'என்றும்', 'நன்கு', 'தான்'. அவசரத்தில் அவை அதிகமாகும். இரவில் எழுதியதை மறுநாள் காலையில் படித்து அவற்றை மட்டும் வட்டமிட்டு வையுங்கள். திருத்துவது மே மாதம்.

ஹைக்கூ எழுதித் தப்பிக்கலாமா?

சட்டப்படி தடையில்லை. பாரதி 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையின் சொற்சுருக்கத்தை வியந்து எழுதியிருக்கிறார், ஆக நமக்கும் நூறாண்டுப் பழக்கம்தான். ஆனால் தப்பிப்பதற்காக மூன்று வரியாக உடைத்த வாக்கியம் ஹைக்கூ ஆகாது. காய்ச்சல் அடித்த நாளுக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் தோற்றதாகுமா?

மார்கழி பல ஆண்டுகளில் 29 நாள்தான் வரும், பாசுரமோ 30. எங்கள் தெருக் கோயிலில் கடைசி நாள் இரண்டையும் சேர்த்துப் பாடிவிட்டுப் பொங்கல் கொடுத்துவிடுவார்கள். யாரும் கணக்குக் கேட்டதில்லை.

ஒரு நாள் என்றால் மறுநாள் இரண்டு எழுதுங்கள். மூன்று நாள் சேர்ந்தால் பழையதை விட்டுவிட்டு இன்றைய தேதியிலிருந்து தொடருங்கள். 27 கவிதையோடு முடித்தால் 27. ஒரே இரவில் நான்கு எழுதி ஈடுகட்டியவர்களின் நான்கையும் படித்திருக்கிறேன். வேண்டாம்.

எழுதியதைத் தினமும் ஸ்டேட்டஸில், முகநூலில் போட வேண்டுமா?

வேண்டியதில்லை. போட்டால் இரண்டு விளைவு. முதலாவது நடைமுறைச் சிக்கல்: பல இதழ்கள் வேறெங்கும் வெளிவராத கவிதையைத்தான் கேட்கின்றன. ஆங்கிலக் கவிதை இதழ்களிலும் பல, இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட்டதையே வெளிவந்ததாகக் கணக்கிடுகின்றன. தேறும் நான்கு ஐந்தையும் இப்படிப் பாழாக்கிக்கொள்ள வேண்டாம். இதழுக்கு அனுப்பும் எண்ணமே இல்லையென்றால் கவலையில்லை.

இரண்டாவதுதான் பெரிது. கண்ணாடிக் கவிதையின் எட்டாம் நாள் வடிவத்தை நான் பகிர்ந்திருந்தேன். ஏகப்பட்ட இதயங்கள், கைகூப்பல்கள், "அழ வைத்துவிட்டீர்கள்" என்று ஒரு அத்தை. 19ஆம் நாள் வடிவத்துக்கு அதே அத்தை, "நல்லா இருக்குப்பா, ஆனா முடியலையே?" என்றார். அத்தையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நான் கைதட்டலைப் பின்தொடர்ந்திருந்தால் இன்னும் பத்து ஏரி வெட்டியிருப்பேன்.

தனியாகச் செய்யப் பிடிக்கவில்லையென்றால் ஒரே ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நானும் மதுரையில் இருக்கும் ஒரு நண்பரும் கவிதையை அனுப்பிக்கொள்வதில்லை. இரவு படுப்பதற்கு முன் "ஆச்சு" என்று ஒரு சொல் மட்டும். பதிலுக்கு அங்கிருந்தும் ஒரு "ஆச்சு". வராத நாள் ஒரு கேள்விக்குறி.

முடித்த பிறகு அந்த 30ஐ என்ன செய்வது?

மூடி வையுங்கள். ஆடி வரை தொடாதீர்கள். அப்புறம் எடுத்துப் படிக்கும்போது முழுக் கவிதை தேடாதீர்கள், வரி தேடுங்கள். செத்துப்போன கவிதையில் உயிரோடு ஒரு வரி இருக்கும். அதை மட்டும் கத்தரித்து வேறு பக்கத்தில் எழுதி வையுங்கள். என் இரண்டு ஏப்ரலிலும் முழுதாகத் தேறியது பத்துதான், ஆனால் இப்படி எடுத்த வரிகள் ஐம்பதுக்கு மேல் இருக்கும். பிற்பாடு எழுதியவற்றில் அவை எங்கெங்கோ போய் உட்கார்ந்துகொண்டன. மே மாதமே 30ஐயும் தொகுத்துப் புத்தகமாகப் போட்டுவிடத் துடிப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்காமல் இருப்பது நம் நட்புக்கு நல்லது.

மார்ச் கடைசி வந்துவிட்டது, இன்னும் முடிவெடுக்க முடியவில்லையே?

மார்ச் 29, 30, 31 மூன்று நாளும் ஒத்திகை பாருங்கள். மூன்று நாளும் ஒரே பொருளைப் பற்றி எழுதுங்கள்: கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது, அழகில்லாதது, டூத்பிரஷ் டப்பா மாதிரி. மூன்றாம் நாள் எரிச்சல் வரும். எரிச்சலோடு அந்த டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தீர்களென்றால் ஏப்ரலில் இறங்குங்கள். மொபைலை எடுத்துவிட்டீர்களென்றால் இந்த வருஷம் விட்டுவிடலாம், குறுந்தொகை இருக்கிறது.

ஒத்திகையில் எழுதிய மூன்றையும் ஏப்ரல் கணக்கில் சேர்க்கலாமா என்று மதுரை நண்பர் போன வருஷம் கேட்டார். கூடாது என்றேன். ஏப்ரல் 1, 2, 3 மூன்று இரவும் எட்டு மணிக்கெல்லாம் "ஆச்சு" வந்துவிட்டது.